பட்டியலில் இருப்பவரும் இல்லாதவரும்

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு,

நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் ஊரில் யார் யாருக்குப் போகிறது என்று கேட்டிருந்தாய். அது ஒன்றும் ரகசியமில்லை. திட்டத்தின் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியலைத் திறந்து மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். குக்கிராமத்தின் பெயரைத் தேடாதே, கிடைக்காது. அது எந்த வருவாய் கிராமத்தில் சேர்ந்ததோ அந்தப் பெயரில் பார்.

பெயரைப் பார்த்ததும் யார் மீதும் குற்றம் சொல்லிவிடாதே. பட்டியலில் சர்வே எண் இருக்காது. நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை எடுத்து ஒத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரே கூட்டுப் பட்டாவில் மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கு வருடம் 6,000 ரூபாய் வாங்கினால் அது தவறில்லை, மூன்றும் தனித்தனிக் குடும்பம். கணவனும் மனைவியும் இருவருமே வாங்கினால்தான் தவறு. அவர்களும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குடும்பம் என்பதுதான் விதி. 1-2-2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கும், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் பென்ஷன் வாங்குபவருக்கும் (கடைநிலை ஊழியராக இருந்தவர் நீங்கலாக), தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கும் தகுதியில்லை.

பெயர் இருந்தும் பணம் வராதவர் தன் பதிவு எண்ணைப் போட்டு மூன்றைப் பார்க்கட்டும்: இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), நில விவர இணைப்பு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு.

பட்டியல் காட்டாத பக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் வீட்டில் உழுகிறவர் பெயர் அதில் வராது. குத்தகைக்காரர் பெயரும் வராது. அந்தக் கணக்கை ஊரில் கேட்டுத்தான் எடுக்க முடியும்.

2020-இல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். அதிகாரிகளின் லாகின், பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போனதுதான் வழி. கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் பதிவு திடீரென்று ஏறியதுதான் காட்டிக்கொடுத்தது. அதனால் தனித்தனிப் பெயரைவிட, ஊர்வாரி எண்ணிக்கை எந்த மாதத்தில் குதித்தது என்பதை முதலில் கேள்.

கேட்பது தகவல் உரிமை மனுவில். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட வேளாண் இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. கிராமவாரியாகப் பெயர், சர்வே எண், கொடுத்த தவணைகள், தகுதியில்லை என்று நீக்கப்பட்டவர்கள், திரும்ப வசூலான தொகை, இவ்வளவு போதும். ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ கேட்காதே; கேட்டால் அதைச் சாக்காக வைத்து மனுவையே தள்ளப் பார்ப்பார்கள். அந்த இரண்டை மட்டும் மறுக்கலாம், மற்றதைத் தரத்தான் வேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். தனிநபர் தகவல் என்று மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடு. மானியப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்லும் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும், பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2)-ஐயும் அதில் எழுது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவலைப் பற்றிய 8(1)(j)-இல்தான் கை வைத்தது, இந்த இரண்டையும் தொடவில்லை.

பதில் கைக்கு வந்ததும் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டு போ. பெயர்களை வாசிக்காதே. எத்தனை பட்டா, எத்தனை பயனாளி, வாரிசுப் பெயர் மாற்றம் எத்தனை பாக்கி என்று மட்டும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா