அப்பாவின் இடது காலைக் காப்பாற்றியவர்களுக்கு

அப்பா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்பாவைத் தெரியும். விடிவதற்கு முன்பே சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்புகிறவர். மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி, லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள், 7 மணி நேரம் ஆனது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாங்கள் வடாபாவே வாங்கிச் சாப்பிட்டோம்.

ராத்திரி 11 மணிக்கு, இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்குக் காலில் என்ன வலி, ஒரே பக்கமாகப் படுத்ததில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நானே அமுக்கிவிட்டேன் (இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது). நைட் டியூட்டியில் இருந்த நாகர்கோவில் சிஸ்டர்தான் விடவில்லை. வலி ஊசிக்கும் அடங்கவில்லை என்றதும் போர்வையை விலக்கி, அப்பாவின் கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மேலே மடக்கினார். அப்பா அலறிவிட்டார். கெண்டைக்கால் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. பாதத்தில் நாடி துடிக்கிறதே சிஸ்டர் என்றேன், "நாடி இருந்தாலும் இது வரும்மா" என்று சொல்லிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாம். ஆபரேஷன் முடியும்வரை தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள், காலுக்கு ரத்தம் சரியாக ஏறவில்லை. கீழே இறக்கியதும் ரத்தம் திரும்பி ஓடித் தசை வீங்குகிறது, மேலே இருக்கிற உறை விரிந்து கொடுக்காது, அதனால் தசை உள்ளேயே நசுங்கிச் சாகிறது. அபூர்வமாகத்தான் வருமாம், ஆனால் வந்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. 2 மணிக்கெல்லாம் காலின் இரண்டு பக்கமும் கீறி உறையைத் திறந்துவிட்டார்கள். நசுங்கிய தசையின் கழிவு கலந்து சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் வந்தது, அது கிட்னியைக் கெடுத்துவிடக் கூடாதென்று ஸலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். காயத்தைப் பல நாள் திறந்தே வைத்திருந்து, அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ராத்திரியே வந்து வெட்டிய டாக்டர்களுக்கும், சயானிலிருந்து மழையில் நனைந்து வந்து ரத்தம் கொடுத்த நாலு தம்பிகளுக்கும், மலம் வெளியேற வயிற்றில் மாட்டிய பையை மாற்ற அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மாமா, நீங்கள் ஒரு மாதம் அப்பாவின் ரவுண்டை ஓட்டி, காசை அப்படியே எங்கள் கையில் கொடுத்தீர்களே, மாவு அரைத்த கூலியாவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பை இன்னும் சில மாதம் இருக்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். சைக்கிளுக்குக் காற்றடித்து வை என்கிறார் தினமும், நான் இன்னும் அடிக்கவில்லை.