ஹீட் மீட்டருக்குப் பொருந்தாத சென்சார் அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
லாரி உரிமையாளர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

என்னுடையது 2003 மாடல் ஆறு சக்கர லாரி. வண்டியோடு வந்த, இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள் எப்போதோ செத்துவிட்டது. ஜே.சி. ரோட்டில் உங்கள் மூன்று மீட்டர் செட்டை வாங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே தகட்டில் 52 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு மாட்டினோம். ஆயில் மீட்டரும் வோல்ட் மீட்டரும் நன்றாக வேலை செய்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹீட் மீட்டர்தான் என்னைக் கவிழ்த்தது.

மாட்டிய நாளிலிருந்து முள் 65 டிகிரியைத் தாண்டவில்லை. பழைய இன்ஜின் இவ்வளவு ஜில்லென்று ஓடுகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போது கேபினுக்குள் ஆவி வந்தது. அப்போதும் முள் 75க்கு மேல் போகவில்லை. இன்ஜின் சூடேறி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

உங்கள் ஆளுக்குப் போன் செய்தேன். "எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு) சரியில்லை, ஃபிட்டிங் கோளாறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருபது வருஷம் வண்டி ஓட்டுகிறவனிடம் எர்த் பாடம்! சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று, இன்ஜின் சூட்டை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சாரைக் கழற்றினேன். அதன் உடம்பிலிருந்து தனி வயர் இழுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன். வண்டியில் சோறாக்கும் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கொதிக்கிற தண்ணீரில் சென்சாரைத் தொங்கவிட்டேன். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கும். மீட்டர் காட்டியது 71. இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை (ஓம்) குறைய வேண்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 92 ஓம். உங்கள் பெட்டியில் இருந்த காகிதமோ 100 டிகிரிக்கு 38 ஓம் என்கிறது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு 39 ஓம் ரெசிஸ்டர் வாங்கி, சென்சாருக்குப் பதில் அதே வயரில் கோர்த்தேன். முள் 100ல் போய் நின்றது. ஆக மீட்டரிலும் வயரிலும் தப்பில்லை. சென்சாரின் அறுகோணத் தலையைத் துடைத்துப் பார்த்தபோது 150 என்று பொறித்திருக்கிறது, அதாவது 150 டிகிரி மீட்டருக்கான சென்சார். மீட்டரின் முகமோ 120 வரைக்கும்தான். இரண்டு வேறு வகைகளை ஒரே பெட்டியில் போட்டு சீல் வைத்தது உங்கள் பேக்கிங்தான், என் எலக்ட்ரீஷியன் இல்லை.

கூடுதலாகக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வண்டியை ஓரங்கட்டிப் பார்த்திருப்பேன். குறைத்துக் காட்டும் மீட்டர், மீட்டரே இல்லாததைவிட மோசம். மீட்டர் இல்லாத காலத்தில் மேடு ஏறும்போது நானே இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன்.

மீட்டருக்குப் பொருந்தும் சென்சாரை அனுப்புங்கள். ஹெட் கேஸ்கட் மாற்றியதற்கும் ஹெட் ஃபேஸ் பண்ணியதற்கும் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவியதற்கும்) ஆன பணத்தைத் தாருங்கள், பில்கள் இணைத்திருக்கிறேன். முக்கியமாக, அதே பேட்ச் எண்ணுள்ள பெட்டிகள் ஜே.சி. ரோட்டுக் கடையில் இன்னும் அடுக்கி இருக்கின்றன, போன வாரம்கூடப் பார்த்தேன். அவற்றை முதலில் திரும்ப எடுங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. சென்சார் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் அதே ஸ்டவ்வில் மறுபடி கொதிக்கவைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்