வரப்புப் பனை

கண்ணு,

நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி நைனா, சரி நைனா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வரவில்லை. லீவு இல்லை என்றாய், சரி. பெரியப்பா பேத்திக்குப் பேர் வைத்தபோதும் வரவில்லை. அதற்கும் லீவு இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

பனங்கிழங்கு தோண்டியாச்சு. 100 கொட்டை புதைத்ததில் 70 தேறியது. அவித்து அனுப்பினால் ஊசிப்போகும், பச்சையாகவே பார்சல் போட்டிருக்கிறேன்.

போன வாரம் சூளைக்காரர் ஒருவர் வந்து கழனி வரப்பில் நிற்கிற பனையை விலைக்குக் கேட்டார். "காய்க்காத மரத்தை வெச்சிக்கினு என்னா பண்ணப்போறீங்க?" என்றார். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது அதனால் இல்லை. அது ஆண்பனை, எப்படிக் காய்க்கும்? கிழங்காக இருக்கும்போது எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. 12 வருஷமோ 15 வருஷமோ போய், பாளை விட்டால்தான் தெரியும். ஆண்பாளை விரல் விரலாகத் தொங்கும், அதில் பொடிப்பொடியாய்ப் பூ. அந்தத் தூள் காற்றிலும் பூச்சி காலிலும் போய்ச் சேர்ந்தால்தான் ஏரிக்கரையில் நிற்கிற பெண்பனையில் நுங்கு. குலை குலையாய் நுங்கு வெட்டுகிறவன் வரப்பு மரத்தை நினைப்பதில்லை. காய்ப்பு இல்லாத வருஷம் மட்டும் பெண்மரத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டுவான்.

கார்த்திகைக்கு நீ தீப்பொறி பறக்கச் சுற்றின மாவளி அந்த மரத்துப் பூதான். காய்ந்த பூவைச் சுட்டு, கரியை நுணுக்கி, பழந்துணியில் சுருட்டி, பனமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டித் தருவேன். ஒரு வருஷம் புதுச்சட்டையைப் பொசுக்கிக்கொண்டாய். அம்மா என்னைத்தான் திட்டினாள்.

உன் பாட்டி அம்மாவைத் திருவோத்தூருக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். எல்லாம் ஆண்பனையாகவே நிற்கிறது என்று சமணர்கள் கேலி பேச, சம்பந்தர் பதிகம் பாடிக் குலை தள்ள வைத்த ஊர். அவர் பாடித் திருத்தியது ஆண்மரத்தை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் விரிஞ்சிபுரம். மூன்று வருஷம், பிள்ளை வரம் கேட்டு, கார்த்திகைக் கடைசி ஞாயிறான கடைஞாயிறு அன்று நடுராத்திரிக் குளிரில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்தாள். நான் வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முன்பே ஒரு டாக்டரம்மா, "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் வரச்சொல்லுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா அதை என் கையில்தான் கொடுத்தாள். சவரக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்தேன். தினம் அந்தக் கண்ணாடியில்தான் முகம் பார்த்தேன். பாட்டி அம்மாவை அந்த வார்த்தை சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போனேன். குறை என்னிடம்தான். மாத்திரை சாப்பிட்டேன், மறு வருஷம் நீ பிறந்தாய். பாட்டி கண்மூடும்வரை நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, எனக்காக.

தீபாவளிக்கு அத்தை கேட்ட கேள்விக்கு மருமகப்பொண்ணு எழுந்து சமையற்கட்டுக்குப் போனது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கழுத்தைப் பார்த்தேன், அப்படியே நான்.

எங்கள் தெருவில் நீதான் முதல் இன்ஜினியர், படித்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் லீவு போட்டால் போதும். செலவுக்கு வேண்டுமானால் நெல் பணம் இருக்கிறது.

கிழங்கை நிழலில் வை, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு நீயே வேகவை, அந்தப் பெண்ணைச் செய்யச் சொல்லாதே. நடு நரம்பை எடுத்துவிட்டுக் கொடு. வேளைக்குச் சாப்பிடு.

நைனா