செய்மதி பார்க்கிறது, சரி; எங்கள் லயத்துக்கு யார் சொல்வது?

மலையகத்தில் மழையையும் மண்சரிவையும் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், எங்கள் தோட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். திரையில் இலங்கைப் படம் போட்டீர்கள். நடுவில் நம் மலைநாடு சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. மலையகத்தில் விழும் ஒவ்வொரு துளியும் இப்போது வானத்திலிருந்து கணக்கெடுக்கப்படுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று வந்திருந்த அதிகாரி சொன்னார். எங்கள் பணியக்கணக்கில், அதாவது தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வைத்துத் தாருங்கள் என்று நான் எழுந்து கேட்டேன். செய்மதித் தரவு வந்துவிட்டது, இனி அதெல்லாம் தேவைப்படாது என்பது எனக்குக் கிடைத்த பதில். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பிறந்ததும் இப்போது இருப்பதும் அதே லயத்தில்தான். செய்மதிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீர்வட்டம் படிப்பிக்கும்போது என் போனில் அந்த மழை வரைபடங்களைத்தான் காட்டுகிறேன். 2002-இல் மேலே போன கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகளைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் போகும். கீழே ஓரிடத்தில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்திருந்தால் அங்கே ஈர்ப்பு கொஞ்சம் கூடும், முன்னால் போகிறது சற்று முந்தும், இடைவெளி மாறும். ஒரு மயிரிழையின் தடிப்பை விடச் சிறிய மாற்றத்தையும் அளந்து, நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குச் சொல்லிவிடும். அந்தச் சோடியின் வேலை 2017-இல் முடிந்தது, 2018-இல் அதே வேலைக்கு அடுத்த சோடி போய்விட்டது. மனிதர் செய்த அருமையான காரியங்களில் இது ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதையும் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். கிரேஸ் சோடி பிரித்துப் பார்ப்பது 300 கிலோமீட்டர் அளவில், அதுவும் மாதத்துக்கு ஒருமுறை. இலங்கையின் ஆகக் கூடிய அகலமே ஏறத்தாழ 225 கிலோமீட்டர்தான். 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்சும் அனுப்பிய ஸ்வொட் செய்மதி, ஆறுகளினதும் குளங்களினதும் நீர்மட்டத்தை அளக்கிறது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது குறிவைத்திருப்பது 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளை, அதன் சுற்று முடிய 21 நாளாகும். எங்கள் லயத்துக்குப் பின்னால் இறங்கும் ஓடையை நாலு எட்டில் தாண்டலாம். அது பொங்கி வீட்டுக்குள் வர 21 நிமிடம் போதும்.

அப்புறம், நீங்கள் திரையில் காட்டிய மழைப்படம். 2014 பெப்ரவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏவிய ஜிபிஎம் செய்மதியும் அதோடு சேர்ந்து இயங்கும் மற்றச் செய்மதிகளும் அரை மணிக்கு ஒருமுறை அந்தக் கணக்கைத் தருகின்றன. அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம். அந்த ஒரு கட்டத்துக்குள் எத்தனை தோட்டம், எத்தனை மலை, எத்தனை பள்ளம் என்று உங்களுக்கே தெரியும். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, அதிக தூரமில்லாத நுவரெலியாவில் 2000-ஐ ஒட்டித்தான். மேகம் எந்த மலையில் முட்டுகிறது என்பதைப் பொறுத்தது எங்கள் மழை. இன்னொன்றும் உண்டு. தரைக்கு மேல் பெய்யும் மழையை அந்தக் கருவிகள் பெரும்பாலும் மேகத்தின் உச்சியில் இருக்கும் பனித்துகள்களை வைத்தே கண்டுபிடிக்கின்றன. தென்மேல் பருவக்காற்று மலையில் ஏறிக் கொட்டும்போது மேகம் தாழ்ந்து நிற்கும், பனித்துகள் குறைவாக இருக்கும். அதனால் உள்ளதை விடக் குறைத்துக் காட்டிவிடும். முதல் கணக்கு கைக்கு வரவும் சுமார் நாலு மணித்தியாலம் ஆகும்.

இந்த நாலு மணித்தியாலத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச வேண்டும்.

இந்த வருடத் தென்மேல் பருவமழையில் ஒரு ராத்திரி. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்குமான முதற்கட்ட மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை முதல் நாளே வந்திருந்தது. அதற்கு முந்திய வாரங்களிலும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் நாங்கள் பாய் தலையணையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேட்டில் இருக்கும் கோவில் மண்டபத்துக்குப் போய் நனைந்த உடுப்போடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் தூங்காத கண்ணோடு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடியவர்களும் உண்டு, போக முடியாமல் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்தவர்களும் உண்டு.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு என் மாணவி ஒருத்தி வந்து கதவைத் தட்டினாள். நீர்வட்டப் பாடத்துக்காகச் சோடாப் போத்தலை வெட்டி, அடியில் சீமெந்து ஊற்றிச் சமமாக்கி, அடிமட்டம் ஒட்டி ஒரு மழைமானி செய்திருந்தோம். அது அவள் வீட்டு இஸ்தோப்புக்கு (திண்ணைக்கு) முன்னால் வெட்டவெளியில் நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். 96 மில்லிமீட்டர். ஒரு மணிக்குப் பார்த்தபோது 131. 24 மணித்தியாலத்தில் 75 என்றால் விழிப்பாயிரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு. நீங்கள் ஒட்டிய சுவரொட்டியிலிருந்துதான் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைப் படிப்பித்தேன். 150 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று நானும் இரண்டு இளைஞர்களும் கதவு கதவாகத் தட்டினோம்.

எல்லோரும் வந்தார்கள். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தனியாக இருந்த ஆச்சி மட்டும் வரவில்லை. அவருக்கு 71 வயது. "எத்தன தடவதான் தம்பி ஓடுறது? மூணு தடவ ஓடுனேன். இந்த மழைல ஏறிப் போனா நெஞ்சு வலிக்குது. நீங்க போங்க" என்றார். நான் கெஞ்சினேன். பிறகு, மற்றவர்களை மேலே விட்டுவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். திரும்பி இறங்கும்போது லயத்துக்குப் பின்னால் இருந்த வடிகால் கான் உடைந்துவிட்டது. பின்சுவரைத் தள்ளிக்கொண்டு சேறு காம்பராவுக்குள் வந்திருந்தது. இடுப்பு வரை சேற்றில் கிடந்தவரை இழுத்து எடுத்தோம். ஒரு கால் முறிந்திருந்தது. வாகனம் வர வழியில்லை. கம்பளியில் கட்டி, நாலு பேர் மாறி மாறிச் சுமந்து மூன்று மைல் நடந்து பெரிய றோட்டுக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் வலியென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்குச் சிரமம், உங்களுக்குச் சிரமம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை விடிய 4.50-க்கு என் போனுக்கு வந்தது. சிங்களத்தில் வந்தது. தமிழில் வர ஆறரை மணியானது. தோட்ட ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருக்கும் மழைமானியை வழக்கம்போலக் காலை 8.30-க்குப் பார்த்து, புத்தகத்தில் 168 என்று எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் பல வருட மழை இருக்கிறது. எங்களில் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. செய்மதிப் படத்தை நானும் பிறகு எடுத்துப் பார்த்தேன். எங்கள் கட்டத்துக்கு அது காட்டிய அளவு அதில் பாதி கூட இல்லை.

168 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 168 லிட்டர். ஒரு ஏக்கர் தேயிலை மலையில் கிட்டத்தட்ட 6 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். ஒரே ராத்திரியில், துப்புரவு செய்து மாதக்கணக்காகிய கான்களுக்கு மேல்.

ஆச்சியை யாரும் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை விட்டால், எந்த மலை எந்த லயம் என்று தெரியாமல் எல்லோரும் ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும். நாலாவது தடவை கால் ஓடாது. அந்த மூன்று ராத்திரிகளில் எங்கள் மலையில் எவ்வளவு பெய்தது என்று ஒரு எண் அவருக்குத் தெரிந்திருந்தால், நாலாவது ராத்திரி வேறு மாதிரி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும், ஸ்டோரில் இல்லாமல் லயங்களுக்குப் பக்கத்தில், ஒரு மழைமானி வையுங்கள். அதைப் பார்க்க லயத்தில் இருக்கும் ஒருவரையே பழக்குங்கள். மழை பிடித்தால் மணிக்கு ஒருமுறை அவர் பார்க்கட்டும். அந்த எண் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில், தமிழில் தெரியட்டும். செய்மதியின் கணக்கைத் திருத்தவும் தரையில் எடுத்த அளவுதானே வேண்டும்? உலகம் முழுவதும் மழைமானிகளை வைத்துத்தானே அதைச் சரிபார்க்கிறார்கள்? அப்படியிருக்க, ஒன்று வந்தால் மற்றது தேவையில்லை என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் நீர்மட்டம் எவ்வளவு என்று தினமும் கணக்கு இருக்கிறது. மின்சாரம் அதில்தான் இருக்கிறது, கணக்கெடுக்கத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர் முதலில் எங்கள் தலையில்தான் விழுகிறது. எங்கள் கூரையில் எவ்வளவு விழுந்தது என்பதற்கு மட்டும் ஏன் கணக்கில்லை? எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு இங்கே வந்த 1823-இலிருந்து எண்ணினால் 200 வருடம் தாண்டிவிட்டது. கொழுந்தைக் கிலோக் கணக்கில் ஒவ்வொரு நாளும் நிறுக்கிறீர்கள். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, போய்க் குடியிருக்கத்தான் இடமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, மலைநாடு அதில் கொடுத்தது அதிகம். சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருந்தால், எந்த மேட்டில் வீடு கட்டுவது என்று நாங்களே தீர்மானிப்போம். ஓடையோரத்து லயத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. கேட்கும் இடம் இதுவல்ல என்றும் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள். காணி உங்கள் கையில் இல்லை. மழைமானி உங்கள் கையில் இருக்கிறது.

2025 ஜூலை 30-ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செய்மதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் சொல்லக்கூடியது. அதன் நீண்ட ரேடார் அலைகளுக்கு இலை தழைக்குள் ஊடுருவிப் பார்க்கும் வலு உண்டு. தேயிலையும் மரமும் மூடிய மலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! எங்கள் மலை மெல்ல நகர்கிறது என்று அதில் தெரிந்தால், தயவுசெய்து அதையும் மாவட்ட அலுவலகத்துக் கோப்புக்குள் வைத்துவிடாதீர்கள். லயத்துக்குச் சொல்லுங்கள். எங்களுக்கு விளங்கும்.

ஐப்பசி மழைக்கு அதிக நாளில்லை. ஒரு மழைமானிக்குப் பெரிய செலவில்லை என்பதை உங்களை விட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. வாசித்துக் குறிக்க எங்கள் பிரிவில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கதவைத் தட்டிய அந்த மாணவியின் பெயரும் அதில் இருக்கிறது. பட்டியலை இரண்டு தடவை நேரில் கொண்டுவந்து கொடுத்தேன், கிடைத்ததாகக் கையெழுத்தும் இருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் எங்கள் பிரிவுக்கு ஒரு மழைமானியும், அதன் அளவு தமிழில் எங்கள் போனுக்கு வரும் ஏற்பாடும் செய்து தருமாறு மிகத் தாழ்மையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆச்சி இப்போது அவருடைய மகளின் காம்பராவில் இருக்கிறார். சோடாப் போத்தல் கோவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நேற்று 14 மில்லிமீட்டர்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.