38 பேரில் ஒருவனாக என் தம்பியை ஆக்கியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். என் தம்பி லாரி டிரைவர். இந்த ஆடிப் பதினெட்டோடு அவன் குடிக்காமல் ஒரு வருஷம் முடிந்தது. அன்றைக்கு, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில் அவனைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றான், இரண்டு நிமிஷம் வாயே வரவில்லை, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் சொல்ல நினைத்ததையும் எங்கள் வீட்டார் சொல்ல வேண்டியதையும் சேர்த்து நான் எழுதுகிறேன். அவனிடம் படித்துக் காட்டி, சரி என்று அவன் சொன்ன பிறகுதான் இதை வெளியில் கொடுக்கிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் மருந்துக்கடைத் தம்பிக்கு. போன வருஷம் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் கடைக்கு வந்து தூக்க மாத்திரை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து குடியை விட்டவன், இரண்டு ராத்திரியாகக் கண்ணை மூடவில்லை, கை நடுக்கத்தில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். நீங்கள் நினைத்திருந்தால் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். "குடிய நிறுத்தி எத்தன நாளாச்சுங்க்கா?" என்று கேட்டீர்கள். "முப்பத்தாறு மணி நேரம் இருக்கும்" என்றதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னோடு நடந்தே வந்தீர்கள். "இது வீட்ல வெச்சுப் பாக்குற சமாச்சாரம் இல்லீங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இப்பவே." நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்ததும், வாயில் எதையும் திணிக்கவிடாமல் தடுத்ததும், 108-க்குப் போன் போட்டதும் நீங்கள்தான். இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களில் நானும் ஒருத்தி.

குடியை விட்டால் உயிருக்கு ஆபத்து வரும் என்று யாராவது அதற்கு முன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். குடித்தால்தானே ஆபத்து? வார்டில் டாக்டரம்மாதான் எனக்குப் புரியும்படி சொன்னார். வருஷக்கணக்காகத் தினமும் உள்ளே போகிற சாராயம் மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும். மூளை அதை எதிர்த்து ஈடுகொடுத்துப் பழகிவிடும். "ஃபுல் லோடோட மேடு ஏறுற வண்டிங்க. ஆக்ஸிலேட்டர அழுத்திப் பிடிச்சிருக்கு. அந்த நேரத்துல லோடு மட்டும் சட்டுனு கழண்டு விழுந்தா வண்டி என்னாகும்? அதுதான் உங்க தம்பி மூளைக்கு ஆனது." ஒவ்வொரு தடவை திடீரென்று நிறுத்தும்போதும் முந்தைய தடவையை விடக் கடுமையாகலாம் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு மாலை போட்ட வருஷங்கள் ஞாபகம் வந்தன. கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டான். முதல் வருஷம் லேசான நடுக்கம், அடுத்த வருஷம் மூன்று நாள் காய்ச்சல் மாதிரி. விரதத்தின் அலுப்பு என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தோம்.

அந்தச் செவ்வாய் ராத்திரி வார்டில் நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். எங்களை மாதிரி இன்னொரு வீட்டில் அப்படி நடந்தால் 'பேய் பிடித்துவிட்டது' என்று நினைக்காமல் இருப்பார்கள். பதினோரு மணி சுமாருக்குத் தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். இடது கையால் கியர் மாற்றினான். கால் போர்வைக்குள் கிளட்ச்சைத் தேடியது. "பின்னாடி பாருடா, பைக்குக்காரன் வர்றான்" என்று இல்லாத கிளீனரை அதட்டினான். நடுநடுவே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, சட்டையில் ஊர்கிற எறும்புகளைத் தட்டினான். எறும்பு எதுவும் இல்லை. விடிகிற வரைக்கும் அந்த வண்டி ஓடியது. நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. "ஏங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பாயிருவான்" என்று நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்று உங்களைப் பிடுங்கி எடுத்தோம். "முதல்ல பி1 ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்" என்று நீங்கள் அசையவில்லை. நாள்பட்டுக் குடித்தவர்கள் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்று மறுநாள் விளக்கினீர்கள். அந்த ராத்திரியில் எங்கள் கூச்சலுக்கு நீங்கள் வளைந்து கொடுக்கவில்லை, அதற்குத்தான் இந்தக் கும்பிடு. அவனை யாரும் கட்டிலில் கட்டிப் போடாமல் நீங்களே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரோட்டோரமா நிறுத்துங்கண்ணா, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று அவன் போக்கிலேயே பேசி ஊசி போட்டதையும் மறக்கமாட்டேன். வார்டைச் சுத்தம் செய்யும் அக்கா, முகம் சுளிக்காமல் இரண்டு தடவை படுக்கையை மாற்றினீர்கள். உங்களுக்கும்.

கட்டிப் போடாமல் என்று ஏன் எழுதினேன் என்றால், அதற்கு எட்டு மாதம் முன்னால் அவனைக் கட்டிப் போட்ட இடம் ஒன்று உண்டு. வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் 'மறுவாழ்வு இல்லம்'. சுவரொட்டியைப் பார்த்துப் போனோம். 45,000 ரூபாய் கட்டினோம். நாற்பது நாள் பார்க்க விடவில்லை. கூட்டி வரும்போது தலையை மழித்திருந்தார்கள், மணிக்கட்டில் சங்கிலித் தடம் இருந்தது. டாக்டர் என்று ஒருவரை அவன் கண்ணால் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே கடைக்குப் போனான். அந்த இல்லத்தின் பெயர் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். ஆனால் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலப் பிரச்சினைகளும் அடங்கும், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது, இப்படி ஆட்களைத் தங்க வைத்து வைத்தியம் பார்க்கும் இடங்களுக்குப் பதிவு இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்ன ஆஸ்பத்திரி ஆலோசகருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இனி எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், நோயாளியை நீங்கள் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள் என்றீர்கள் சார். அங்கன்வாடிக்கு வரும் தாய்மார்களிடம் இந்த மூன்று கேள்விகளையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதே ஆலோசகர் சார்தான் அந்தக் கணக்கையும் சொன்னார். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு. குடிக்கு அடிமையானவர்கள் நாட்டில் 38 பேர் இருந்தால், அதில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மிச்சம் 37 பேர் வீட்டிலும் எங்களை மாதிரித்தானே அலைந்துகொண்டிருப்பார்கள்? மூன்று வருஷம் நாங்கள் போகாத இடமில்லை. கோயிலில் கயிறு கட்டினோம். 'குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, என் நாத்தனார் பொடி வாங்கி மூன்று வாரம் குழம்பில் கலந்தாள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்கிற மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலைப் பரிசோதித்த பிறகு டாக்டர் தருவது என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். தெரியாமல் கொடுத்து, அவர் வெளியில் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கி உயிரே போகலாமாம். எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவு அலைந்தோமே, எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் மனநல டாக்டர் வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். அரசு வேலையில் இருக்கிற, மாதம் இரண்டு தடவை அதே ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற எனக்கே தெரியாது. இந்த நன்றிக் கடிதத்தில் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டென்றால் அது இதுதான்: டாக்டர் வரும் கிழமையை ஒரு தகரப் பலகையில் எழுதி ரேஷன் கடை வாசலிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மாட்டிவிடுங்கள்.

பன்னிரண்டாவது படிக்கும் என் மகளுக்கும் நன்றி சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, எட்டாம் நாள் அனுப்பும்போது, "இது முதல் படிதான், உடம்பிலிருந்து சாராயத்தை எடுத்திருக்கிறோம், மனசிலிருந்து எடுக்கிற வேலை இனிமேல்தான்" என்றார்கள். எங்கே போவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் 14446-க்குப் போன் செய்தாள். கட்டணமில்லாத அழைப்பு. மறுமுனையில் பேசியவர் யாரோ, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு, மத்திய அரசு நிதியுதவியில் தொண்டு நிறுவனம் நடத்தும் மறுவாழ்வு மையம் ஒன்றின் முகவரியைத் தந்தார். முகம் தெரியாத அந்தச் சகோதரிக்கு எங்கள் வணக்கம். ராத்திரிகளில் தம்பி மனசு உடைந்து பேசும்போது 14416-க்குப் பேசினோம், அங்கும் தமிழிலேயே பேசினார்கள்.

அந்த மையத்தில் ஒரு மாதம் இருந்தான். பைசா செலவில்லை. காலையில் வகுப்பு, மதியம் தனியாகப் பேசுவது, ஞாயிறு தோறும் எங்களுக்கும் வகுப்பு. அங்கிருந்த மேடம் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையில் பயிற்சி பெற்றவர். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-இல் தொடங்கிய இடம் அது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சொன்னார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்களாம். அந்த வகுப்பில் முப்பது பெண்கள் இருந்தோம். அந்தக் காலத்தில் குடித்துச் செத்தவரின் மனைவி வாயைத் திறந்து 'இது ஒரு நோய்' என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாந்தி அம்மா, நாங்கள் உங்களை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் ஏற்றி வைத்த விளக்கு எங்கள் தெரு வரைக்கும் வந்திருக்கிறது.

என் தம்பி மனைவி அந்த ஞாயிறுகளில்தான் முதன்முதலாக அழுதாள். "நான் நல்லபடியா நடந்துக்கிட்டிருந்தா அவரு குடிச்சிருக்க மாட்டாருன்னு ஊரே சொல்லுது மேடம்" என்றாள். "அவர் குடிக்கு நீ காரணமில்ல. அத நீ அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. உன்னையும் பிள்ளைகளையும் பாத்துக்க முடியும்" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா. குடிநோயாளிகளின் குடும்பத்தார் கூடும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறவர் அவர். பெரியம்மா, பதினாறு வருஷக் கல்லை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தீர்கள்.

நாலாவது மாதம், ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் தம்பி மறுபடியும் குடித்தான். நான் அவனோடு பேசவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு டிவிஎஸ் 50-இல் ஒருவர் வந்து இறங்கினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் அவனுக்கு வழிகாட்டியாக இருப்பவர். 1935-இல் அமெரிக்காவில் குடியால் நொடித்துப்போன ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கிய அமைப்பு அது என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று எங்கள் திண்ணையில் அதையே கண்ணால் பார்த்தேன். திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். தானும் இரண்டு தடவை வழுக்கியதைச் சொன்னார். "நாளைக்கு ஆறரைக்குக் கூட்டம், நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று கிளம்பினார். என்னைப் பார்த்து, "சுகர் ஏறுனா மாத்திரைய மாத்திக் குடுப்பாங்க, ஆளத் தொரத்திவிட மாட்டாங்கம்மா" என்றார். அன்றிலிருந்துதான் இந்த ஒரு வருஷக் கணக்கு. அண்ணா, உங்கள் பெயரை எழுத மாட்டேன், அது உங்கள் அமைப்பின் முறை என்று தெரியும். எங்கள் வீட்டில் முதல் பொங்கல் சோறு இனி உங்களுக்குத்தான்.

லாரி ஓனருக்கு ஒரு வார்த்தை. வடநாட்டு லோடுக்கு அனுப்பாமல் ஈரோடு, கரூர் என்று சாயங்காலம் வீடு திரும்புகிற ஓட்டத்தையே கொடுத்தீர்கள். வாரச் சம்பளத்தை அவனே கேட்டுக்கொண்டபடி அவன் மனைவி கணக்கில் போடுகிறீர்கள். நடத்தையில் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்கிறீர்கள், நாலு பேர் முன்னால் ஊதச் சொல்லி அவமானப்படுத்தியதில்லை.

படித்துக் காட்டியபோது தம்பி ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னான். சந்தையோர டீக்கடைக்காரர், காலை ஐந்து மணிக்கு அவன் கை நடுங்கும் நாட்களில் டம்ளரை அரைவாசி மட்டும் நிரப்பி, சிந்தாமல் குடிக்கக் கொடுப்பாராம். எதுவும் கேட்கமாட்டாராம். அதை எழுது அக்கா என்றான்.

நர்ஸம்மா, வருகிற வியாழக்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஒருவரைத் தம்பி கூட்டி வருகிறான். தறி ஓட்டுகிறவர், இன்னும் குடியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும்வரை தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். எட்டு மணிக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுவோம். ஒரு படுக்கை பார்த்து வையுங்கள்.

நன்றியுடன்,
தம்பியின் அக்கா