ஓர் இடைவெளி குறைந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்க் கணிமை என்றாலே எழுத்துருவும் விசைப்பலகையும்தான் பேசப்படுகின்றன. அந்தப் பேச்சில் இடமே பெறாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கட்டற்ற மென்பொருள் பொதிகளின், அதாவது கணினியில் நிறுவுவதற்கெனக் கட்டித் தரப்படும் மென்பொருள் தொகுப்புகளின், விளக்கக் குறிப்புகளைத் தமிழில் சரிபார்க்கும் தன்னார்வலர் நான். ஒரு பொதியை நிறுவலாமா வேண்டாமா என்று பலர் முடிவெடுப்பது அந்தச் சில வரிகளைப் படித்துத்தான்.

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பொதிகளில் விளக்கத்தின் முதல் வரி, 80 எழுத்துக்குள் அடங்க வேண்டிய சுருக்கம். அதன்பின் ஒவ்வொரு வரியும் இடைவெளியில் தொடங்கும். ஓர் இடைவெளி என்றால் பத்தியின் தொடர்ச்சி. மென்பொருள் அதைத் திரைக்கேற்ப மடித்துக்கொள்ளும். இரண்டோ அதற்கு மேலோ என்றால் உள்ளது உள்ளபடியே காட்டும். பத்தி பிரிக்க, ஓர் இடைவெளியும் ஒற்றைப் புள்ளியும் மட்டுமே கொண்ட வரி.

அண்மையில் ஒரு காப்புநகல் மென்பொருளின் விளக்கம் என்னிடம் வந்தது. நட்சத்திரக் குறியிட்ட ஐந்து அம்சங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. உரைத்திருத்தியில் அழகாகத்தான் தெரிந்தது, ஒப்புதல் அளித்துவிட்டேன். பிறகு, பொதிகளைத் தேடி நிறுவ உதவும் பொதி மேலாளரில் திறந்தால் ஐந்தும் ஒரே பத்தியாக ஒட்டிக் கிடந்தன. வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளிதான் இருந்திருக்கிறது. "மறையாக்க வசதி இல்லை" என்ற நான்காவது அம்சம் அந்தக் குவியலின் நடுவில் புதைந்துபோனது. தன் கோப்புகளை நம்பி ஒப்படைக்கப் போகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டிய வரி அது! திரைவாசிப்பானில் கேட்பவருக்கு இன்னும் சிரமம்; பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது.

தமிழுக்கென்று வேறொரு தொல்லையும் உண்டு. "மொழி" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் நான்கு குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட்டுகள். சரிபார்க்கும் கருவி பைட்டுகளை எண்ணினால், அளவான தமிழ்ச் சுருக்கமும் நீளமானதாகத் தோன்றும். அந்த எச்சரிக்கைக்கு அஞ்சி, "பிணையம் வழியாக" போன்ற தேவையான சொற்களை மொழிபெயர்ப்பாளர்கள் வெட்டுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கருவிகளை எழுதுபவர்கள் திரையில் தெரியும் எழுத்துகளை எண்ண வேண்டும்.

சரிபார்க்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் பார்த்து முடித்த பிறகு, விளக்கத்தைப் பொதி மேலாளரில் ஒருமுறை திறந்து பாருங்கள். சாளரத்தின் அகலத்தைக் குறைத்து இன்னொரு முறையும் பாருங்கள். ஒப்புதலை அதற்குப் பிறகு அளிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி