அம்மாவின் குரல் கைப்பேசியை விட்டு ஏன் வெளியே போக வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியைத்தான் பயன்படுத்துவார். போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது அண்ணிக்குச் செய்தி அனுப்ப, "பாசார் மாலாம் போயிட்டு வரேன், லோரி வந்தா சொல்லு" என்று பேசினார். பாசார் மாலாம் என்றால் இரவுச் சந்தை. திரையில் "பாச மாலை போயிட்டு வரேன், ஓரி வந்தா சொல்லு" என்று வந்தது. அழித்துவிட்டு இன்னும் இரண்டு தடவை மெதுவாகப் பேசிப் பார்த்தார். அதே கதைதான். "இதுக்கு நம்ம பேச்சு புரியாதும்மா" என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தச் சொல் என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இருக்கும் செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் செயலி தயாராகிறது, குரல் கொடுங்கள் என்றார்கள். தலைக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்). அம்மாவும் வரிசையில் நின்றார். ஐசியை (அடையாள அட்டையை)ப் படம் எடுத்தார்கள், கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். "தொடருந்து நிலையம் எத்திசையில் உள்ளது?" என்பது போன்ற வாக்கியங்கள். "இப்படி யாரு பேசுறா?" என்று அம்மா கேட்டதற்கு, உள்ளதை அப்படியே வாசித்தால் போதும் என்றார்களாம். குலை, மட்டை, பெரட்டு (காலையில் ஆள்கணக்கு எடுப்பது), லோரி என்று அம்மா நாள் முழுக்கப் பேசும் ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை. குரலும் போனது, பேச்சும் பதிவாகவில்லை. அந்தப் பதிவுகளும் ஐசி படங்களும் இன்று எந்த நாட்டில், எந்தக் கணினியில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பதும் இல்லை.

2017இல் நம் மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்து, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிப்பது 2025 ஜூன் 1 முதல்தான் கட்டாயமானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கோ அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. சட்டம் வேண்டும்தான். ஆனால் ஒரே இடத்தில் குவித்து வைத்தால்தானே கொத்தாகக் கசியும்?

நான் ஈப்போவில் கணினிப் பாடம் நடத்துபவள். குவிக்காமலே கணினிக்குப் பேச்சைப் பழக்க வழி இருக்கிறது. 2016இல் கூகுளைச் சேர்ந்த பிரெண்டன் மெக்மஹனும் சக ஆய்வாளர்களும் அதற்கு 'ஃபெடரேட்டட் லேர்னிங்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே கூகுள் தன் ஜிபோர்டு விசைப்பலகையில் அதைச் சோதித்துப் பார்த்தது. செயல்முறை இதுதான். பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடல் என்பது உண்மையில் ஏராளமான எண்களின் தொகுப்பு. அந்த எண்களைச் சர்வர் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அனுப்பும். கைப்பேசி தன்னிடம் உள்ள பேச்சை வைத்து, தனக்குள்ளேயே அவற்றைக் கொஞ்சம் திருத்தும். திருத்தம் மட்டும் சர்வருக்குத் திரும்பும், பேச்சு அம்மாவிடமே இருக்கும். நூற்றுக்கணக்கான கைப்பேசிகளின் திருத்தங்களைச் சர்வர் சராசரி பார்த்து மாடலைப் புதுப்பித்து, மறுபடி அனுப்பும். 'பாசார் மாலாம்' என்று அம்மா சொன்னதும் அதை அவர் கையால் திருத்தியதும் பாடமாகிவிடும், யாரும் அதைக் கேட்காமலே.

இங்கேதான் எனக்கு ஒரு பெரிய கவலை. பயனருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதால், கைப்பேசி சும்மா இருக்கும்போது, சார்ஜில் இருக்கும்போது, கட்டணமில்லாத வைஃபையில் இருக்கும்போது மட்டுமே பழக்குவது என்று கூகுள் வைத்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அம்மாவின் கைப்பேசியைப் பாருங்கள். அண்ணன் வீட்டில் வைஃபை கிடையாது, டாப்-அப் போட்டுத்தான் இணையம். ராத்திரி பேரப் பிள்ளைகள் படம் பார்த்துப் பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள். காலையில் அம்மா சமைக்கும் நேரத்தில் அடுப்பு மேடை ஓரம் அரை மணி நேரம் சார்ஜ் ஏறும். அப்புறம் அது அவரோடு உதிரிப் பழம் பொறுக்கச் செம்பனைக் காட்டுக்குப் போய்விடும், அங்கே லைனும் வராது. அந்த மூன்று நிபந்தனைகளும் அவருக்கு ஒருநாளும் ஒன்றாகக் கூடி வராது. கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருப்பவரின் தமிழை மாடல் கற்றுக்கொள்ளும், தோட்டத்துத் தமிழ் வெளியிலேயே நிற்கும். ரகசியம் காத்தோம் என்று சொல்லிக்கொண்டே நம்மை விட்டுவிடலாம்.

அதனால்தான் சிக்கனத்தை நான் பெரிதாகப் பேசுகிறேன். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் சர்வரிடம் ஓடாமல், கைப்பேசி தனக்குள் பல சுற்றுப் பழகிவிட்டு ஒரே தடவை அனுப்பினால், சர்வரோடு போய்வரும் சுற்றுகள் 10 முதல் 100 மடங்கு வரை குறையும் என்று அந்த 2016 ஆய்வே காட்டியது. ஒரு மில்லியன் எண்கள் உள்ள சிறு மாடலில், ஓர் எண்ணுக்கு 32 பிட் வீதம் அனுப்பினால் 4 மெகாபைட். 8 பிட்டாகச் சுருக்கினால் 1 மெகாபைட். மாடலின் ஒரு சிறு பகுதியை மட்டும் பழக்கினால் இன்னும் குறையும். அம்மா தங்கச்சி மகளுக்கு அனுப்பும் ஒரு கல்யாண வீடியோவுக்கே அதைவிட அதிகம் செலவாகும். இந்த அளவுக்கு இறக்கினால் டாப்-அப் கைப்பேசியும் உள்ளே வரலாம்.

திருத்தம் மட்டும்தானே போகிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. படங்களை வைத்துப் பழக்கிய மாடலில், அந்த எண்களிலிருந்தே மூலப் படத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். தனியொருவரின் திருத்தம் சர்வருக்கே தெரியாதபடி மூட வேண்டும். என் மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஒருவரிடம் 1,900 வெள்ளி, இன்னொருவரிடம் 2,100. இருவரும் தங்களுக்குள் 400 என்று ஒரு ரகசிய எண்ணைப் பேசிக்கொள்கிறார்கள். முதலாமவர் அதைக் கூட்டி 2,300 என்கிறார், மற்றவர் கழித்து 1,700 என்கிறார். இரண்டு எண்ணும் பொய், கூட்டினால் வரும் 4,000 உண்மை. கைப்பேசிகளும் இதையேதான் செய்கின்றன. நடுவில் லைன் விழுந்து சில கைப்பேசிகள் காணாமல் போனாலும் கணக்கு தப்பாமல் இருக்க 2017இலேயே வழி கண்டுவிட்டார்கள். நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா?

இதற்கு மேல் கொஞ்சம் இரைச்சல் எண்களும் கலப்பார்கள், ஒருவருடைய பேச்சு கலந்ததா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியாதபடி. நல்லதுதான். ஆனால் கூட்டம் சிறியதாக இருந்தால் அந்த இரைச்சலில் அவர்களின் சொற்கள்தான் முதலில் அமுங்கிப்போகும். பத்துப் பேர் போதாது, தோட்டம் தோட்டமாகச் சேர வேண்டும்.

பேச்சோடு இது நிற்கப் போவதில்லை. 2023 சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். நோயாளிகளின் பதிவுகளை வெளியே அனுப்பாமலே 20 மருத்துவமனைகள் சேர்ந்து, கோவிட் நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று கணிக்கும் மாடலைப் பழக்கி 2021இல் வெளியிட்டன. நம் கிளினிக்குகளிலும் இனிப்பு நீருக்கு இப்படிச் செய்யலாம் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கோயில் நிர்வாகங்களையும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். குரலோ படமோ கேட்டு யார் வந்தாலும், அது எங்கள் கைப்பேசியை விட்டு ஏன் வெளியே போக வேண்டும், வைஃபை இல்லாதவர் எப்படிச் சேர்வது என்று கேளுங்கள். மண்டபத்தில் ஒரு வைஃபையும் போதுமான சார்ஜர் முனைகளும் வைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை பூஜை முடிவதற்குள் ஐம்பது கைப்பேசிகள் தங்கள் பாடத்தை முடித்துவிடலாம்.

அதே நிறுவனத்தார் அடுத்த மாதம் மறுபடி வருவதாகக் கோயில் செயலாளருக்குத் தகவல் வந்திருக்கிறதாம். நான் அன்று விடுப்பு எடுத்திருக்கிறேன். அம்மாவோடு வரிசையில் நிற்பேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.